கூட ஏழு நாள்

குண்டடம் சந்தையில் பதினாலு முட்டை வாங்கினேன்.
கின்னிக்கோழி முட்டை, ஓடு கல்லாட்டம்.
விற்றவர் ஒன்றை எடுத்துத் தராசுக் கம்பியில் தட்டிக் காட்டினார்.
"அடைக்கோழி இருக்குதுங்களா வூட்டுல?"
இருந்தது, கீரிப்பெட்டை.
மூணு நாளாய் அடுக்களைக் கூடையில்
ஒரு முட்டைகூட இல்லாமல்
ஒரு தேங்காய்த் தொட்டியை அடைகாத்துக்கொண்டு
கை நீட்டினால் கொத்தியது.

தறி நின்று அன்றைக்குப் பத்தொன்பது நாள்.
கூலி பேசப் போனவர்கள் திரும்பித் திரும்பிப் போனார்கள்.
முத்தூர் ரோடு நெடுக குடோன் பூட்டு.
இருபத்தாறு வருசம் அந்தச் சத்தத்தில் தூங்கினவள் நான்.
சத்தம் நின்றதும் முழித்துக்கொண்டேன்.

மணல் பரப்பி முட்டை வைத்து,
இடிக்குப் பயந்து ஓர் இரும்பாணி,
ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய்.
தொட்டியைப் பிடுங்க விடவில்லை. அதுவும் இருக்கட்டும் என்று விட்டேன்.

நாட்டுக்கோழிக்கு இருபத்தோரு நாள்.
யார் எண்ணிக் கொடுத்தார்களோ,
இருபதாம் ராத்திரி முட்டைகளோடு பேச ஆரம்பித்தது,
தொண்டைக்கு அடியிலிருந்து, க்ருக், க்ருக்.
உள்ளேயிருந்து ஒரு பதிலும் இல்லை.
இருபத்திரண்டில் இறங்கித் தண்ணி குடித்தது.
கூடையைப் பார்த்தபடி நின்றது,
ஷிப்டு முடிந்தும் மாத்து ஆள் வராத
தறிக்காரி நிற்கிற நிற்பு.
"கூமுட்டை போல. எடுத்து வீசு" என்றார் தெய்வசிகாமணி.
நான் வீசவில்லை.
அதுவும் போகவில்லை. ஏறி உட்கார்ந்தது.
கூட ஏழு நாள்.
இதற்குக் கூலி யாரிடம் பேசுவது?

இருபத்தெட்டில் பதினொன்று பொரித்தது.
முதுகில் கோடு, சிவந்த கால்,
அணிலுக்குப் பிறந்த மாதிரி.
பெட்டை தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது,
திருப்பி மறு கண்ணால் பார்த்தது.
அப்புறம் இறக்கையைத் தூக்கிற்று.

ஒன்று தண்ணித்தட்டில் போனது.
அதற்குப் பிறகுதான் கூழாங்கல் போட்டேன்.
ரெண்டு பனியில்.
விடியுமுன்னே கொறங்காட்டுக்குள் பாய்ந்துவிடும்,
கொழுக்கட்டைப்புல் அத்தனையும் ஈரம்,
பெட்டை கிளுவை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிடும்,
அவற்றுக்கு அந்தப் பாஷை தெரியாது.
அது காலால் சீய்த்து, ஒரு புழுவை எடுத்துப் போட்டு, எடுத்துப் போட்டு
கொக்கொக் என்று ஏலம் போடும்.
வாங்க ஆள் இல்லை.

கலயத்தில் சாணியும் கிழிசாக்கும் அடைத்து
புத்து ஓரமாய்க் கவிழ்த்து வைத்தேன்.
ரெண்டாம் நாள் தூக்கிப் பார்த்தால் கரையான் நுரைத்திருந்தது.
உதறிக் கொட்டினேன், பெட்டை ஒரே ஒரு குரல் கொடுத்தது,
எட்டும் அதன் காலடியில் வந்து விழுந்தன.
அன்றைக்கு அது
ஒரு கரையானும் தின்னவில்லை.

ரெண்டு ரூபாய் கேட்டதில் முக்கால் ரூபாய் ஏறி
தறி ஓடுகிறது இப்போது.
எனக்கு ராத்திரி ஷிப்டு, பகலில்தான் தூக்கம்.
எட்டும் வளர்ந்து வேப்பமரத்தில் நின்று
ஆள் வந்தால் கத்தும், நாய் வந்தால் கத்தும்,
சும்மாவும் கத்தும்.
"என்னக்கா, வூட்டுக்குள்ள எட்டுத் தறி போட்டுட்டீங்களாட்ட"
என்று பக்கத்துக் காட்டு ராக்கியப்பன் சண்டைக்கு வந்தாராம்.
நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேனாம்.

பொழுது சாய்ந்தால் எட்டும் உச்சிக் கொப்பில்.
பெட்டை கீழே.
கொடாப்பைத் தூக்கிப் பிடித்தாலும் நுழைவதில்லை.
முந்தாநாள் இருட்டும்வரை அண்ணாந்து கூப்பிட்டது.
நேற்று துவைக்கிற கல் மேல் ஏறி நின்றது.
இன்றைக்கு நான் தூக்குப்போசியோடு கிளம்பும்போது
அடிக் கொப்பில், பிடிமானம் தெரியாமல்
வாலைத் தூக்கித் தூக்கி ஆடிக்கொண்டிருந்தது.
மேலே ஒன்றும் நகர்ந்து இடம் விடவில்லை.
கொடாப்பைச் சாய்த்து, ஒரு கல் முட்டுக்கொடுத்து,
வாய் திறந்தபடி வைத்துவிட்டுப் போனேன்.
எட்டு மணிக்குள் கார்டு போட வேண்டும்.